ஆற்று மண்ணை அரித்த பேச்சியம்மா

பேச்சியம்மா எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் முதல் வாய்ச் சோற்றை உடனே மெல்ல மாட்டார். நாக்கில் வைத்து ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மெதுவாக உருட்டுவார். அப்போது தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பது போல. கல் ஒன்று அகப்பட்டால் அதை விரலால் எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில், கறிவேப்பிலைக்குக் கீழே ஒளித்து வைப்பார். வீட்டுக்காரியிடம் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். பக்கத்து வளவில் இருந்தும், இடம்பெயர்ந்து போன இடங்களில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தும் இதை நான் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன்.

மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, புளியங்குளத்துக்குக் கிட்டக் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றாலும் கோயில் அன்னதானம் என்றாலும் சமையலுக்கு ஆர் என்று பிறகுதான் யோசிப்பார்கள். "அரிசி அரிக்கப் பேச்சியம்மா வருவாவோ?" என்பதுதான் முதல் கேள்வி.

அரிக்கன்சட்டி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. மண் சட்டிதான், ஆனால் உட்பக்கம் முழுக்க வரி வரியாக மேடு இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு போட்டுச் சுழற்றினால் அரிசி மேலே மிதந்து வரும், அதைப் பக்கத்தில் இருக்கிற சட்டிக்குள் சாய்த்து ஊற்ற வேண்டும். கல்லும் மண்ணும் கனம் என்றபடியால் வரிகளில் தங்கி அடியில் நிற்கும். கடைசியில் அதை வெளியே கொட்டிவிடுவது. நிவாரண அரிசி வந்த காலத்தில் பாதி அரிசி, பாதி கல். அந்த அரிசியையும் பேச்சியம்மா அரித்தால் சின்னப் பிள்ளைக்கும் பயமில்லாமல் ஊட்டலாம். அரிக்கிறதென்றால் பேச்சியம்மாதான் என்ற பெயர் அவருக்கு வந்தது அப்போதுதான்.

சமாதானம் என்று பாதை திறந்து அடுத்த வருடம், இரண்டாயிரத்து மூன்று புரட்டாசியில், உலோகக் கனியம் தேடுகிற குழு ஒன்று புளியங்குளத்துக்கு வந்தது. பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றைத் திருத்தி அதில் தங்கினார்கள். எனக்கு அங்கே குசினியில் சமையல் வேலை கிடைத்தது. குழுவுக்குப் பொறுப்பு நிரோஜா மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கல்லைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர், தொப்பி போட்டிருப்பார், வெயிலில் மூக்கு மட்டும் கறுத்திருக்கும். வேலையாட்களை மேய்ப்பது அப்புத்துரையர். உழவு மிசின் ஓட்டுவது ஜவ்பர். தண்ணீரூற்று ஆள். பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊர் வீட்டுக்குக் கூரை போடும் வரைக்கும் மனைவி ஸக்கியாவோடு புளியங்குளத்தில் ஒரு அறை எடுத்து இருந்தார்.

அவர்கள் செய்த வேலை இதுதான். மழை ஆற்று மண்ணைக் கொண்டுவருகிறது. அந்த மண் எங்கோ மேலே இருக்கிற பாறையில் இருந்து தேய்ந்து வந்தது. அதனால் கனகராயன் ஆற்றிலும் அதில் விழுகிற ஓடைகளிலும் இடம் இடமாக ஒவ்வொரு வாளி மண் எடுத்துக் கழுவி, கனமான கறுப்பு மண்ணை மட்டும் மிச்சம் பிடிப்பார்கள். எந்த ஓடையின் கறுப்பு மண்ணில் உலோகம் கூடவாக இருக்கிறதோ, அந்த ஓடையைப் பிடித்து மேலே போனால் தாய்ப்பாறை. கண்ணிவெடி எடுத்து முடித்துக் கம்பு நட்ட பாதையில் மட்டும்தான் போகலாம் என்றபடியால் வேலை மெதுவாகத்தான் நடந்தது.

ஒரு பின்னேரம் பேச்சியம்மாவும் ஸக்கியாவும் குசினிப் பக்கம் வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது மிஸ் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"செம்போ வேறை எதுவோ சும்மா ஒரு இடத்திலை குவிஞ்சு கிடக்காது. அது வெளிக்கிட ஒரு இடம் வேணும். வாறதுக்கு ஒரு வழி வேணும். வந்து நிக்கிறதுக்கு ஒரு தடை வேணும். மூண்டும் சரியா அமைஞ்சாத்தான் அங்கை தோண்டலாம்."

"அட, எங்க கதைதான்," என்றார் பேச்சியம்மா. "மலையில கெளம்பினோம், ரயிலேறினோம், புளியங்குளத்துல காசு முடிஞ்சு நின்னுட்டோம்."

ஜவ்பர் விடவில்லை. "நாங்கள் நிண்ட இடத்தையும் விட்டுப் போட்டுப் புத்தளம் போய்த் திரும்பி வந்து நிக்கிறம். எங்களை எந்தக் கல்லிலை சேர்ப்பீங்கள் மிஸ்?"

"உங்களைக் கல்லிலை சேர்க்கேலாது ஜவ்பர் அண்ணை. ஆத்து மண்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஸக்கியாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

பேச்சியம்மா அங்கே மண் கழுவ வந்தது ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னம். குழு கொண்டுவந்த பிளாஸ்ரிக் தட்டுக்கு உள்ளே வரி இருக்கும், ஆனால் அது அவருடைய கைக்கு வழுக்கியது. "நான் வீட்டுச் சட்டியில அரிக்கட்டுங்களா மிஸ்?" என்று கேட்டார். மிஸ் அரிக்கன்சட்டியை வாங்கி உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது எங்கட தட்டுத்தானே! இரும்புச் சட்டியெண்டால் இரும்பு கலந்து கணக்குப் பிழைக்கும். இது மண். இன்னும் நல்லம்."

கையில் இருந்த மோதிரத்தையும் காப்பையும் கழற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு துளி வெள்ளி உரசினாலும் பரிசோதனையில் காட்டிவிடுமாம். பிறகு ஒரு வாளி மண்ணைத் தான் கழுவிக் காட்டத் தொடங்கினார். பாதியில் ஜவ்பருடைய மிசின் ஆற்று மணலில் புதைந்துபோய் எல்லோரும் சத்தம் போட, மிஸ் அங்கே ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது பேச்சியம்மாவின் மணிக்கட்டு சுழல்கிற அழகைப் பார்த்தார். இந்தக் கைக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று நினைத்திருப்பார். அடுத்த நாள் தொடக்கம் அவர் வேறு ஓடைகளுக்கு இடம் பார்க்கப் போனார். இந்த ஆற்றுப் பக்கம் முழுவதும் பேச்சியம்மாவின் பொறுப்பு.

கழுவிய மண் சீலைப் பைக்குள் போகும். எந்த இடம், எந்த நாள், கழுவியவர் ஆர் என்று துண்டு எழுதிப் பையில் கட்ட வேண்டும். என்னுடைய எழுத்து உருண்டையாக இருக்கும் என்று மிஸ் அந்த வேலையை எனக்குத் தந்தார். ஈரப் பைகள் களஞ்சியத்துப் பின்பக்கம் கயிற்றில் வரிசையாகத் தொங்கும். பேச்சியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தன் பெயர் எது என்று என்னிடம் கேட்டு அறிந்துகொண்டு, வீட்டுக்குப் போக முன்னம் அதை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"தோட்டத்துல ஒரு நாள் வேலைய ஒரு பேருன்னுதான் சொல்லுவாங்க. மழை வந்தா எங்கம்மாவுக்கு அரைப் பேரு. எனக்குப் பாரு, முழுசா எழுதியிருக்கு. இதெல்லாம் கொழும்புக்குப் போவுதாமே?"

"ஓம் அக்கா. அங்கை மிசினிலை வைச்சுப் பாப்பினமாம்."

"எம் பேரையா?"

"மண்ணை."

"மண்ணோட பேரும் போவுதில்ல," என்று அவர் திருப்தியாகச் சொன்னார்.

பைகள் காய்ந்த பிறகுதான் மிஸ் அவற்றைப் பிரித்தார். வெள்ளைக் கடதாசியில் மண்ணைப் பரப்பி மேலே காந்தத்தைக் கொண்டுபோனால் இரும்புக் கறுப்பு எழுந்து ஒட்டும். மற்ற ஓடைகளில் குழுவின் வேலையாள் ராசு கழுவிய மண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. பேச்சியம்மாவின் பையைக் கொட்டினார். காந்தம் சும்மா போய்ச் சும்மா வந்தது. இன்னொரு பை. அதுவும் அப்படியே. மண் சீனி மாதிரி வெள்ளையாக மின்னியது. மிஸ்ஸின் கண்ணும் மின்னியது. இந்த ஆற்றுப் பக்கத்தில் மட்டும் இரும்பே இல்லாத ஏதோ புதினம் இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் போட்டுக் கோடு கோடாகக் கீறத் தொடங்கினார். சோறு ஆறிப் போனது.

"அப்ப எங்கட பக்கத்திலை ஒரு ஆணிக்கும் இரும்பில்லையோ மிஸ்?" என்று ஜவ்பர் கேட்டார்.

"பொறுங்கோ ஜவ்பர் அண்ணை. இது எங்கையும் இல்லாத விசயம்."

அந்த நேரம் பேச்சியம்மா உள்ளே வந்தார். கடதாசியில் பரப்பியிருந்த மண்ணைக் குனிந்து பார்த்தார். பெருமை முகத்தில் தெரிந்தது.

"பாத்தீங்களா மிஸ்? ஒரு கறுப்புப் பொட்டு இருக்கா? கறுப்பு எல்லாத்தையும் அடியில நிறுத்தி ஆத்துல கொட்டிட்டேன். தூசி துரும்பு இல்லாம அள்ளி வச்சிருக்கேன்."

மிஸ் கீறிய கோட்டைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தோள் குலுங்கியது. தொப்பியை எடுத்தபோது சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பேச்சியம்மாக்கா... நீங்கள் அரிசியை அரிச்சிருக்கிறியள்!"

அரிக்கன்சட்டியைக் கையில் எடுத்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். மிதந்து வருகிறது வீட்டுக்கு, அடியில் நிற்கிறது குப்பைக்கு. குழுவுக்கு வேண்டியது குப்பைக்குப் போனது.

அப்புத்துரையர் சிரிக்கவில்லை. "உங்களைச் சோறாக்கக் கூப்பிட்டிருக்க வேணும், மண் கழுவ இல்லை," என்று பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டு மிஸ்ஸிடம் திரும்பினார். "மழை இருட்டிக் கொண்டு வருது பிள்ளை. ஆறு வந்திட்டால் இனித் தை மாதம்தான். எங்களுக்கு இந்தப் பக்கம் நிக்க அனுமதி இந்தக் கிழமையோடை சரி. இந்த ஆத்தை வெட்டி விடுங்கோ. வரைபடத்திலை வெறும் இடமாக் கிடக்கட்டும்."

அது பொய்யில்லை. கிழக்கே வானம் சட்டி அடியைப் போலக் கறுத்து நின்றது. பேச்சியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் தன்னுடைய பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப இந்தப் பை கொழும்புக்குப் போகாதா மிஸ்?"

"போகாது அக்கா. போனாலும் பிழையான மண். யோசியாதேங்கோ, உங்கட பேரை அழிச்சுவிடுறம்."

"பேரை எதுக்கு அழிக்கணும்?" என்றார் பேச்சியம்மா. குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மண்ணை மாத்துவோம். குழி எல்லாம் அங்கதான இருக்கு? கம்பு நட்ட எடம் எல்லாம் எனக்குத் தெரியும்."

"நீங்கள் ஒராள் எப்பிடி அக்கா? மழைக்கு முன்னம் முடியாது."

"ஒராளு எதுக்கு? சட்டி ஊர் முழுக்க இருக்கு."

அடுத்த நாள் விடிய ஜவ்பருடைய மிசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டி நிறையப் பெண்கள். ஆளுக்கொரு அரிக்கன்சட்டி மடியில். குடியேற்றத்துப் பெண்கள், எங்கள் தெருப் பெண்கள், முன்னுக்கு ஸக்கியா. "நோன்பு பிடிக்க முன்னம் முடிச்சுப் போடவேணும்," என்று அவர் கணவனை அவசரப்படுத்தினார். குசினியைப் பூட்டிவிட்டு நானும் போனேன். ஆற்றங்கரையில் மிஸ் ஒரு துவாயை விரித்து, மோதிரம், காப்பு எல்லாம் அதில் கழற்றி வைக்கச் சொன்னார். தாலியை என்ன செய்கிறது என்று ஒரு வாக்குவாதம் வந்தது. சட்டைக்குள் செருகலாம் என்று தீர்ப்பானது. ஸக்கியாவின் காப்பு கழலவில்லை, சவர்க்காரம் போட வேண்டியிருந்தது.

"கலியாணத்துக்குப் பிறகு நான் இதைக் கழட்டினதில்லை," என்றார் ஸக்கியா.

"கழட்டினாப் போலை ஓடிப் போகமாட்டன், பயப்பிடாதை," என்று மிசினில் இருந்து ஜவ்பர் சத்தம் போட்டார்.

பேச்சியம்மா முதலில் செய்து காட்டினார். மிதக்கிறதை ஆற்றில் விடு, அடியில் நிற்கிறதை வை. சொன்னால் விளங்குகிறது. ஆனால் கை கேட்கவில்லை. ஸக்கியா அழகாகச் சுழற்றி, வெள்ளை மண்ணைப் பக்கத்தில் இருந்த சட்டிக்குள் சாய்த்து, கறுப்பைத் தூக்கி ஆற்றில் எறிந்தார். எறிந்த பிறகுதான் வாயில் கை வைத்தார். இன்னொருத்தி. இன்னொருத்தி. பேச்சியம்மாவே ஒருமுறை கொட்டிவிட்டார். நானும் கொட்டினேன். அப்புத்துரையர் மரத்தடியில் கைகட்டி நின்று, "அப்பிடித்தான், அப்பிடித்தான், இண்டைக்குப் பொங்கிச் சாப்பிடலாம்," என்றார்.

பேச்சியம்மா எழும்பி நின்று எல்லோரையும் பார்த்தார். தலை அந்தப் பக்கம் சரிந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகப் போய், பக்கத்தில் இருந்த இரண்டாவது சட்டியை எடுத்துக் கரையில் தூர வைத்தார்.

"பக்கத்துல சட்டி இருந்தா கை தானா ஊத்துது. பழகின கை. ஊத்துறதுக்கு ஏனம் இல்லாட்டி அது எங்க போவும்? ஆத்துக்குத்தான். இப்ப அரிங்க."

அப்படித்தான் நடந்தது. மிதந்து வந்ததைப் பிடிக்க ஒன்றும் இல்லாதபடியால் அது ஆற்றோடு போனது. அடியில் கறுப்பு நின்றது. வெயில் பட்டபோது அதற்குள்ளே சிவப்புக் கல் தூள் மாதுளை முத்துப் போல இருந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். இத்தனை காலமும் கொட்டியதுதானே, ஆர் பார்த்தது?

"கல்லைத்தான் சோறுன்னு நெனைச்சுக்குங்க," என்று பேச்சியம்மா கரையெல்லாம் நடந்தார். "அடியே, அரிசியை விடு, கல்லை விடாத!"

"என்ர மாமி கேட்டால் இப்பவே விவாகரத்து," என்றார் ஸக்கியா.

ஜவ்பரும் ராசுவும் வாளி வாளியாக மண் வெட்டிக் கொடுத்தார்கள். மிஸ் ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்து ஓம், ஓம் என்றார். மத்தியானத்துக்குப் பிறகு அப்புத்துரையரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்கத் தொடங்கினார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த நாளும் போனோம். மூன்றாம் நாள் காற்று மாறியது. மேலே எங்கோ மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரத் தொடங்கியபோது ஒரு சின்னக் கிளை ஓடை மட்டும் மிச்சம். எல்லோரும் பெட்டியில் ஏறிவிட்டோம். பேச்சியம்மா மட்டும் அந்தக் கம்புக்குக் கிட்டக் குந்தியிருந்து சுழற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

"அக்கா, வாங்கோ! அது ஒண்டு போனால் போகட்டும்!" என்று மிஸ் கத்தினார்.

"வாறேன், வாறேன். கறுப்பு இப்பத்தான் முகம் காட்டுது."

சீலைப் பையை வாயில் கடித்துக்கொண்டு, சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடி வந்தார். பெட்டியில் இருந்த பெண்கள் குரவை போட்டார்கள்.

வெயில் இல்லாதபடியால் பைகளை என்னுடைய குசினியில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டோம். அந்தக் கிழமை முழுக்கச் சாம்பாருக்கும் ஆற்று மணம். காய்ந்ததும் மிஸ் காந்தத்தைக் கொண்டுவந்தார். கடதாசியில் இருந்து கறுப்பு எழும்பி ஒட்டியது. காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. அப்புத்துரையர் கிட்ட வந்து பார்த்துவிட்டு, "ம்... வடிவாத்தான் அரிச்சிருக்கு," என்றார். பேச்சியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

துண்டுகளை நான் புதிதாக எழுதினேன். மண்ணைக் கழுவியது பலபேர் என்றபடியால் ஒவ்வொரு பையிலும் கழுவியவளின் பெயர் போட வேண்டும் என்று பேச்சியம்மாதான் சொன்னார். ஸக்கியாவின் பெயர், ஊர்ப் பெண்களின் பெயர்கள், என்னுடையதும். கடைசி ஓடையின் பையில் அவருடைய பெயர். ஜவ்பர் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினார்.

இதற்குப் பிறகு ஒரு கேலி ஊரில் நிலைத்துவிட்டது. மார்கழியில் எங்கள் தெருவில் ஒரு கலியாணம். பேச்சியம்மா கிணற்றடியில் அரிசி அரிக்கக் குந்தினார். பக்கத்தில் சட்டி வைக்க மறந்துவிட்டார். முதல் சட்டி அரிசி முழுக்கத் தரையில் ஊற்றிவிட்டு, அடியில் நின்ற கல்லைக் கவனமாக ஒரு கோப்பையில் எடுத்து வைத்தார். கோழிகளுக்குக் கொண்டாட்டம். அன்றில் இருந்து எந்தப் பந்தியிலும் ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை: "அக்கா, இண்டைக்கு எதை ஊத்தினனீங்கள், எதை வைச்சனீங்கள்?"

"ஒனக்குக் கல்லுதான் வச்சிருக்கேன், சாப்பிடு," என்பார்.

பரிசோதனை முடிவு தைப்பொங்கலுக்குப் பிறகு வந்தது. மிஸ் வந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கனகராயன் ஆற்றுப் பக்கம் பெரும்பாலும் சாதாரண இரும்புக் கறுப்பும் அந்தச் சிவப்புக் கல்லும்தான். செம்பு தேடிப் போகிற அளவுக்கு இல்லை. ஒரு கிளை ஓடையில் மட்டும் கொஞ்சம் கூடவாகக் காட்டியிருக்கிறது, அதற்கு மேலே போய்ப் பார்க்க வேண்டும். எந்த ஓடை என்று பேச்சியம்மா கேட்டார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்த அந்த ஓடை இல்லை. ஸக்கியா அரித்த ஓடை. ஸக்கியா ஒரு கிழமை தரையில் நடக்கவில்லை.

"இல்லையெண்டு தெரிஞ்சதும் ஒரு விடைதான் அக்கா," என்று மிஸ் பேச்சியம்மாவைத் தேற்றப் பார்த்தார். "வெறும் இடமா இருந்தால் ஆரோ திரும்பவும் வந்து தோண்டுவினம். இப்ப வரமாட்டினம்."

"நான் எதுக்குங்க கவலைப்படுறேன்?" என்றார் பேச்சியம்மா. "மண்ணு சரியான மண்ணுதானே?"

"சரியான மண்."

"அது போதும்."

இப்போது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதம். குழு ஒட்டுசுட்டான் பக்கம் போய்விட்டது. பேச்சியம்மா வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அங்கே வேலைக்குப் போகிறார், புதிதாக வருகிற பெண்களுக்கு மண் அரிக்கக் காட்டிக் கொடுப்பதும் அவர்தான். ஜவ்பருடைய வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, ஸக்கியா தண்ணீரூற்றுக்குப் போய்விட்டார். நான் குசினியில் இருக்கிறேன். செம்பு இன்னும் அகப்படவில்லை.